கொச்சிக் கிரியோல்: சொற்பட்டியலும் செவிப்புலனும்

தென்னிந்திய மொழிகளில் போர்த்துகீசியத்தின் தாக்கம் பற்றி இதுவரை வெளிவந்துள்ள எழுத்துகளில் பெரும்பாலானவை சொற்பட்டியல்களாகவே அமைந்துள்ளன. சாவி, சன்னல், அலமாரி, மேசை, வராந்தா, பொத்தான், துவாலை, பாதிரி, ஏலம், மேஸ்திரி, அன்னாசி, கொய்யா எனத் தொடரும் இப்பட்டியல் பள்ளிப் பாடநூல்வரை சென்று சேர்ந்துவிட்டது. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் சரியானவையே. எனினும், அவற்றை மட்டுமே படிக்கும் ஒருவர், போர்த்துகீசியர் சரக்குப் பெட்டிகளை இறக்குவது போலப் பெயர்ச்சொற்களைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பலேறிச் சென்றனர் என்ற முடிவுக்கே வருவார். அச்சொற்களைக் கொண்டுவந்தவர்கள் இக்கரையில் குடும்பம் நடத்தினர். அவர்களுடைய பிள்ளைகள் ஒரு மொழியைப் பேசினர். அம்மொழிக்கு வழக்குரையும் வழிபாடும் பாட்டும் இருந்தன. கொச்சியில் அது 500 ஆண்டுகள் வாழ்ந்து 2010இல் முடிவுற்றது. பட்டியல் முறை இம்மொழியைக் காணத் தவறியது ஏன் என்பதும், அதைக் காண எத்தகைய சான்றுகள் வேண்டும் என்பதும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள்.

போர்த்துகீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். 1503இல் கோட்டை எழுப்பினர். 1663 சனவரியில் டச்சுக்காரரிடம் அதனை இழந்தனர். ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. கொச்சியிலும் இலங்கையிலும் டச்சுக் கம்பெனியாரே உள்ளூர் மக்களோடு பேசுவதற்குக் கிரியோல் போர்த்துகீசியத்தையே பெரிதும் நம்பியிருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்த பின்னரும் கோட்டைக் கொச்சியிலும் எதிர்க்கரையான வைப்பினிலும் கத்தோலிக்கக் குடும்பங்களின் வீட்டுமொழியாக அது தொடர்ந்தது. ஆட்சியின் துணையின்றி, பள்ளியின் துணையின்றி, அச்சின் துணையின்றி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு மொழி நிலைத்ததென்றால், அதனைச் 'சிதைந்த போர்த்துகீசியம்' என்று ஒதுக்குவது வரலாற்றையே ஒதுக்குவதாகும். தமிழ் எழுத்துகளில் இதனைக் 'கொச்சை' என்ற அடைமொழியோடு குறிக்கும் வழக்கமும் உண்டு. ஊர்ப்பெயரின் ஓசை இப்பிழைக்கு வழி செய்துவிடுகிறது போலும். கொச்சி வேறு, கொச்சை வேறு.

இம்மொழியைக் கல்வியுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் ஹூகோ ஷூகார்ட். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்த அவர், 1882இல் வெளியிட்ட தம் கிரியோல் ஆய்வு வரிசையில் ஒரு பகுதியைக் கொச்சிக்கென்றே ஒதுக்கினார். அக்காலத்தில் இது துணிவான செயல். கலப்பு மொழிகள் ஆய்வுக்குரியவை அல்ல என்ற கருத்தே அன்று மேலோங்கியிருந்தது. ஆனால் ஷூகார்ட் கொச்சிக்கு வந்தவரல்லர். கடிதங்கள் வழியே தரவு திரட்டினார். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் செவ்வியல் போர்த்துகீசிய எழுத்துமுறையை ஓரளவேனும் அறிந்தவர்கள். காதில் கேட்டதைக் கையில் எழுதும்போது அவர்கள் திருத்தியே எழுதியிருப்பர். எனவே முதல் பதிவிலேயே செவிக்கும் எழுத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது.

அடுத்து வந்தவர் கோவாவைச் சேர்ந்த செபாஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காதோ. இலங்கையில் குருவாகப் பணியாற்றிய இவர் 1900இல் இலங்கைக் கிரியோல் பற்றிய நூலையும், 1913இல் ஆசிய மொழிகளில் போர்த்துகீசியச் சொற்கள் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். இரண்டாவது நூல் 1936இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் இன்றுவரை வெளிவரும் கடன்சொற் கட்டுரைகள் பலவற்றுக்கு ஊற்று இந்நூலே. வேடிக்கை என்னவெனில், தல்காதோவின் இரு நூல்களில் கிரியோலை ஒரு மொழியாகக் கண்டு விளக்கிய முதல் நூல் மறக்கப்பட்டது. சொல்லடைவான இரண்டாவது நூல் மட்டுமே தென்னிந்தியாவில் நிலைபெற்றது. பட்டியலை எடுத்துக்கொள்வது எளிது என்பது தவிர இதற்கு வேறு காரணம் காண்பதற்கில்லை.

கடன்சொற்களின் ஆய்விலும் பட்டியல் முறை தரும் பயன் குறைவே. நாற்காலியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் கொச்சி மலையாளத்தில் 'கசேர' ஆயிற்று. யாழ்ப்பாணத் தமிழில் 'கதிரை' ஆயிற்று. தமிழகத்தில் அச்சொல் வேரூன்றாமல் 'நாற்காலி' என்ற மொழிபெயர்ப்பு வடிவமே நின்றது. ரொட்டி இலங்கைத் தமிழருக்குப் 'பாண்', காலணி 'சப்பாத்து', கடப்பாரை 'அலவாங்கு'. தமிழகத்தார்க்கு இவை புதியன. அதே வேளை 'சாவி' தமிழகத்தில் வீட்டுக்கு வீடு வழங்க, மலையாளத்தில் 'தாக்கோல்' தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே மூலமொழி, அண்டை நிலங்கள், ஒரே நூற்றாண்டுகள். ஆயினும் விளைவு வேறு. யார் யாரோடு எந்தச் சூழலில் பேசினர் என்பதை அறியாமல் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. அந்த அறிவைப் பட்டியல் தருவதில்லை.

இலக்கணத்தின் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழாகிறது. சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தன. தொடரமைப்போ தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் கிரியோலுக்குச் சென்றது. இதனை முறையாக நிறுவியவர் இயன் ஸ்மித். மட்டக்களப்புப் பறங்கியரின் கிரியோலை ஆராய்ந்த அவருடைய ஒலியியல் நூலை 1978இல் வெளியிட்டது திருவனந்தபுரத்திலுள்ள திராவிட மொழியியற் கழகம் என்பது குறிப்பிடத்தக்கது. அக்கிரியோலில் வினை தொடரின் இறுதியில் நிற்கிறது. முன்னிடைச் சொற்கள் பின்னுருபுகளாகிவிட்டன. 'எனக்குப் பசிக்கிறது' என்பது போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர்கள் இயல்பாக வழங்குகின்றன. சொல்லுதலைக் குறிக்கும் வினையடி தமிழின் 'என்று' போல மேற்கோள் இடைச்சொல்லாகப் பயன்படுகிறது. சொற்கள் ஐரோப்பியம், நடை தமிழ் எனலாம்.

கொச்சிக் கிரியோல் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 2000க்குப் பின் கொச்சியிலும் கண்ணூரிலும் களப்பணி செய்த ஹூகோ கார்தோசோவின் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. மலபார்க் கிரியோலில் சொல்வரிசை நெகிழ்ச்சியுடையது. உடைமைத் தொடரில் உடையவர் முன்னும் உடைமை பின்னும் வருகின்றன. 'மரியாவின் வீடு' என்பது செவ்வியல் போர்த்துகீசியத்தில் 'வீடு' முதலாகத் தொடங்கும். கிரியோலில் 'மரியா சு காசா' என்ற வரிசையில் அமையும். தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால் வரிசை மாறுவதே இல்லை. மற்றொரு கூறு இன்னும் நுட்பமானது. கொடை பெறுபவரைக் குறிக்கும் உருபே உயர்திணைச் செயப்படுபொருளையும் குறிக்கிறது. அதாவது 'மகனுக்கு' என்பதற்கும் 'மகனை' என்பதற்கும் ஒரே குறி. திணை அறிந்து செயப்படுபொருளைக் குறிப்பது திராவிட மொழிகளுக்கு உடன்பாடானதே. ஆனால் தமிழும் மலையாளமும் இவ்விரு வேற்றுமைகளையும் ஒரே உருபால் குறிப்பதில்லை. கொங்கணி அவ்வாறு குறிக்கிறது. கொங்கணியோ மட்டாஞ்சேரியில் நூற்றாண்டுகளாகப் பேசப்படும் மொழி. ஐபீரிய மொழிகளிலும் இதற்கு ஒப்பான போக்கு உண்டு. எனவே கொச்சிக் கிரியோலின் ஒவ்வொரு கூற்றையும் 'திராவிடச் செல்வாக்கு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் பழக்கமும் பட்டியல் முறையின் மறுபக்கமே.

மட்டாஞ்சேரியின் மொழிச்சூழலை மறந்துவிட்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது. போர்த்துகீசியர் கொச்சி மன்னருக்குக் கட்டிக்கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்ற மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில் 1568ஆம் ஆண்டின் யூதர் தொழுகைக் கூடம் இருக்கிறது. அதனைச் சுற்றிக் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் வாழ்ந்துவருகின்றனர். கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்கின்றன. இங்கு இருமொழியம் விதிவிலக்கன்று, பன்மொழியமே இயல்பு. மெஹபூப் (1926–1981) போன்ற பாடகர்களும், பின்னர் கசல் பாடகர் உம்பாயியும் இம்மண்ணில் தோன்றியதற்கு அச்சூழலே காரணம். மலையாள மண்ணில் இந்துஸ்தானி மெட்டைக் கேட்டுப் பழகிய செவிகள் மட்டாஞ்சேரியின் செவிகள்.

இவ்வூரில் பல மொழிகள் ஒன்றையொன்று கேட்டு வாழ்ந்தமைக்குச் சவிட்டு நாடகம் தலையாய சான்று. கொச்சிக் கடற்கரைக் கத்தோலிக்கரின் இக்கூத்தில் சார்லமேன் அரசனின் கதை 'காறல்மான் சரித்திரம்' என்ற பெயரில் பலகை மேடை அதிர ஆடப்படுகிறது. உடையும் முடியும் ஐரோப்பியப் பாங்கின, கதை ஐரோப்பியம். ஆகவே இது போர்த்துகீசியர் தந்த கலை என்று எழுதுவோர் பலர். அவர்கள் கண்ணால் பார்த்து எழுதியவர்கள். காதால் கேட்டிருப்பின் தயங்கியிருப்பர். பழைய பாடங்களின் மொழி மலையாளம் கலந்த தமிழ். மரபுரை முதல் ஆசிரியராகக் கூறுவது சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரை. ஆட்டம் பயிற்றுபவரை 'அண்ணாவி' என்றழைக்கும் வழக்கு யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு ஆகிய பகுதிகளின் கூத்து மரபிலும் உள்ளது. சபீனா ராஃபி 1964இல் மலையாளத்தில் எழுதிய நூல் இக்கலையை அழிவிலிருந்து மீட்டதில் பெரும்பங்கு கொண்டது. ஆயினும் தமிழ்க் கூத்து ஆய்வாளர் இதனைத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே கருதி வந்துள்ளனர். கொச்சிக் கத்தோலிக்கர் வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், கோவிலில் இலத்தீனும், மேடையில் தமிழும் கொண்டிருந்தனர் என்ற உண்மை இதனால் மங்கிவிடுகிறது.

தமிழ் அச்சு வரலாறும் இவ்விடத்தில் வந்து சேர்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூலில் தமிழ் உரோமன் எழுத்தில் இருந்தது. போர்த்துகீசியர் செவியில் விழுந்த தமிழொலியை இன்று அறிய அந்நூல் ஒரு சான்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் வந்தது. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. இவற்றின் பின்னிருந்தவர் அண்டிரிக் அடிகளார். இந்நூல்களை மீண்டும் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். தமிழ் அச்சேறிய அதே கொச்சியில், கிரியோலுக்கு ஓர் அச்செழுத்தும் கிடைக்கவில்லை. மதம் பரப்புதற்குரிய மொழியாகத் தமிழ் கருதப்பட்டது. வீட்டில் பேசும் மொழி அச்சுக்குத் தகுதியற்றதாகக் கருதப்பட்டது.

அச்சு செய்த இத்தேர்வையே இருபதாம் நூற்றாண்டில் வானொலியும் செய்தது. எந்த மொழிக்கு ஒலிவாங்கி கிடைத்தது என்ற வினா, எந்த மொழி பிழைத்தது என்ற வினாவோடு நெருங்கிய தொடர்புடையது.

இந்திய மண்ணில் போர்த்துகீசிய மொழி வானொலி என்றால் அது கோவாவைச் சார்ந்தது. 1946இல் தொடங்கிய நிலையம் பின்னர் 'எமிஸ்ஸோரா த கோவா' எனப் பெயர் பெற்றுப் போர்த்துகீசியத்திலும் கொங்கணியிலும் பிற மொழிகளிலும் ஒலிபரப்பியது. அதற்கு எதிர்க்குரலாக 1955 நவம்பரில் வாமன் சர்தேசாயும் லிபியா லோபோவும் கோவா எல்லையை ஒட்டிய காட்டிலிருந்து 'விடுதலைக் குரல்' என்ற மறைவு வானொலியை நடத்தினர். அதுவும் போர்த்துகீசியத்திலும் கொங்கணியிலுமே பேசியது. ஆட்சியாளருக்கு எதிராக ஆட்சியாளர் மொழியிலேயே பேசிய இந்நிகழ்வு மொழிபெயர்ப்பாளருக்குச் சுவையான பொருள். 1961 திசம்பரில் இந்திய விமானப்படை பாம்போலிம் கம்பியில்லாத் தந்தி நிலையத்தைத் தாக்க, பழைய நிலையத்தின் குரல் அடங்கியது. இவ்விரு குரல்களும் பேசிய போர்த்துகீசியம் பள்ளியில் கற்கும் செவ்வியல் வழக்கு. தமன், தியூ, கோர்லை, கொச்சி ஆகிய ஊர்களின் கிரியோல்களுக்கு அங்கு இடம் இருக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் நிலை வேறாக அமைந்தது. கினி–பிசாவ், கேப் வெர்தே விடுதலை இயக்கம் 1967இல் கொனாக்ரியிலிருந்து தொடங்கிய 'விடுதலை வானொலி' போர்த்துகீசியத்தோடு கிரியோலிலும் பிற ஆப்பிரிக்க மொழிகளிலும் பேசியது. போராட்டத்தின் மொழியாகக் கிரியோல் வானொலி ஏறியபோது அதன் மதிப்பும் ஏறியது. லிஸ்பனிலேயே 1974 ஏப்ரல் 25 நள்ளிரவுக்குப் பின் 'ரெனசென்சா' வானொலி ஒலிபரப்பிய ஒரு பாட்டு இராணுவப் புரட்சிக்கு அடையாளக் குறியாயிற்று. போர்த்துகீசிய மொழி பேசும் நாடுகளில் பாட்டும் வானொலிப் பேச்சும் அரசியலோடு பின்னிப் பிணைந்தவை. கொச்சிக் கிரியோலுக்கு அத்தகைய அரசியல் ஒன்று வாய்க்கவில்லை. அதன் பேச்சாளர்களின் முன்னேற்ற மொழி ஆங்கிலம். அக்கம்பக்க மொழி மலையாளம். 1989இல் கொச்சிக்கு வானொலி நிலையம் வந்தபோது கிரியோல் வைப்பினின் சில வீடுகளுக்குள் ஒடுங்கிவிட்டிருந்தது.

இலங்கையின் கதை இன்னொரு பாடத்தைத் தருகிறது. கஃப்ரிஞ்ஞா, பைலா என்ற கிரியோல் ஆடற்பாட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாலி பாஸ்டியன் போன்றோரால் சிங்களச் சொற்களைப் பெற்றன. மேடை, இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றின் வழியே நாடெங்கும் பரவின. பின்னர் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோடு அத்துள்ளல் நடையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது போர்த்துகீசிய மரபின் எச்சம் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை; சிலோன் பாட்டு என்றே அறிந்தனர். வானொலி தாளத்தை எடுத்துக்கொண்டது, மொழியை விட்டுவிட்டது. பைலா பெருகிய அதே பத்தாண்டுகளில் அதன் மூலமொழி மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் வீடுகளில் சுருங்கிவந்தது. இசை பிழைத்தால் மொழியும் பிழைக்கும் என்ற பண்பாட்டு ஆர்வலரின் நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

கிரியோல் பாட்டுகளைப் பாட்டாகவே எடுத்து ஆராய்ந்தவர் கென்னத் டேவிட் ஜாக்சன். 1990இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தோ–போர்த்துகீசிய வாய்மொழிப் பாடல்களைப் பற்றியது. 'சிஞ்செல்லி நோனா' என்ற பாடல் இந்தியக் கரையிலும் இலங்கையிலும் மலாக்காவிலும் வெவ்வேறு வடிவங்களில் வழங்கியதைத் தொடர்ந்து பார்த்தது அதன் சிறப்பு. 1998இல் லிஸ்பன் உலகக் கண்காட்சியை ஒட்டி வெளிவந்த 'ஒலிகளின் பயணம்' என்ற 12 குறுந்தட்டுகளின் வரிசையில், தமன், தியூ, கொச்சி, கோர்லை ஆகிய நான்கு ஊர்களும் ஒரே தட்டில் அடங்கின. இம்முயற்சி போற்றத்தக்கது, இது இல்லாவிடில் கொச்சியின் குரல் வெளியுலகக் காதில் விழுந்தே இராது. ஆயினும் தொகுப்பின் கோணம் லிஸ்பனின் கோணம். குஜராத்திக் கரை, மராத்திக் கரை, மலையாளக் கரை ஆகியவற்றில் வளர்ந்த கிரியோல்களை ஒரே தட்டில் வைப்பது அவற்றின் போர்த்துகீசியத் தாய்வழியை முன்னிறுத்துகிறது. அடிநிலை மொழிகளைப் பின்தள்ளுகிறது. கேட்பவர் நான்கையும் ஒரு மொழியின் தொலைந்த பிள்ளைகளாகக் கேட்பாரே தவிர, கொச்சிப் பாட்டில் மலையாளத்தின் மூச்சு எங்கே விழுகிறது என்று கேட்கமாட்டார்.

வைப்பினில் வாழ்ந்த வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்டில் மறைந்தபோது, 'கடைசிப் பேச்சாளர்' என்று செய்தித்தாள்கள் எழுதின. சரளமாகப் பேசவல்ல கடைசி மனிதர் என்ற பொருளில் அது உண்மை. ஆனால் 'கடைசி' என்ற சொல் வாசகரின் இரக்கத்தைத் தூண்டி வேலையை முடித்துவிடுகிறது. கண்ணூரில் உறவு வழக்கைப் பேசியோர் சிலர் அதன் பின்னும் இருந்தனர். செபமும் வசவும் தாலாட்டும் மட்டும் நினைவில் கொண்டவர்கள், கேட்டால் புரிந்துகொண்டு மலையாளத்தில் மறுமொழி சொல்பவர்கள் எனப் பல படிநிலைகள் ஒவ்வொரு மொழி இழப்பிலும் உண்டு. மொழி இழப்பை ஆராய்வோருக்கு இந்த இடைநிலையினரே அரிய தரவு. இரங்கற் குறிப்பு அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலும், பேசுவதற்கு எதிரே ஆள் இல்லாத ஒருவரிடம் எஞ்சுவது உரையாடல் அல்ல, நினைவு. பேச்சின் இடைவெட்டு, கேலி, இழுவை, ஒருவர் முடிக்காத தொடரை மற்றவர் முடிப்பது ஆகியவை இருவர் இருந்தால் மட்டுமே பதிவாகும்.

இங்கு மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது. கிரியோல் பாட்டையோ உரையாடலையோ தமிழில் தருவோர் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுவர். செந்தமிழில் தந்தால் வீட்டுமொழியின் நெருக்கம் மறைகிறது. பேச்சுத்தமிழின் சிதைந்த வடிவத்தில் தந்தால், கிரியோல் என்பது பிழைபட்ட மொழி என்ற பழைய தீர்ப்பு மொழிபெயர்ப்பின் வழியே மீண்டும் நுழைகிறது. கிரியோல் பேசியவருக்கு அது பிழையான மொழியன்று; அவருடைய தாய்மொழி. ஆகவே கடற்கரைக் கத்தோலிக்கர் வீட்டில் வழங்கும் முழுமையான, இலக்கணப் பிழையற்ற பேச்சுத்தமிழே இதற்குத் தகுந்த நடை. மன்னார், தூத்துக்குடி வட்டார வழக்குகள் இதற்கு வளமான இருப்பு. மற்றொன்று, ஆங்கிலத்தின் வழியே வரும் கிரியோல் தரவுகளில் சொல்வரிசை இருமுறை புரட்டப்படுகிறது: முதலில் ஆங்கிலத்துக்கேற்ப, பின்னர் தமிழுக்கேற்ப. இலங்கைக் கிரியோலைத் தமிழில் சொல்லுக்குச் சொல் நேரே வைத்தால் பெரும்பான்மைத் தொடர்களில் வரிசையை மாற்ற வேண்டிய தேவையே எழாது. கொச்சிக் கிரியோலில் முன்னிற்கும் உருபுகள் மட்டும் இடம் மாறும். எந்த இடத்தில் மாறுகின்றன என்பதே ஆய்வுக்குரிய செய்தியாகும். தமிழ் எழுத்தில் ஒலிப்புடை, ஒலிப்பில் ஒலிகளை வேறுபடுத்திக் காட்ட இயலாமை ஒரு தடைதான். முன் காட்டிய 'காசா' என்பதிலேயே இடை மெய்யின் உண்மையொலி மறைந்து நிற்கிறது. ஒலிபெயர்ப்புக் குறிகளை இணைத்துக்கொள்வது இதற்குப் போதும்.

மட்டக்களப்புப் பறங்கியரின் அன்றாட மொழி இன்று பெரும்பாலும் தமிழே. கிரியோலை இன்னும் பேசும் முதியோர் அதனை விளக்கும்போது தமிழில் விளக்கவே முடிகிறது. 2015க்குப் பின் கார்தோசோ குழுவினர் அங்கு ஒலி, ஒளிப்பதிவுகளைத் திரட்டி ஆவணப்படுத்தியுள்ளனர். பாட்டும் ஆட்டமும் அவற்றுள் அடங்கும். தமிழ் அறிந்த மொழியியலார் அப்பதிவுகளோடு அமர்ந்து, தொடர்தோறும் தமிழ் இணைவரி எழுதினால், கொச்சிக் கிரியோலின் எஞ்சிய பதிவுகளை அதனருகே வைத்து ஒப்பிட இயலும். கோர்லையில் மராத்தியின் அருகே கிரியோல் இன்றும் வீடுகளில் பேசப்படுகிறது. அங்குள்ள குழந்தைகளின் பேச்சையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பீட்டின் மூன்றாம் முனை கிடைக்கும்.